வரவழைத்த காய்ச்சல்

என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. வரவழைத்தார்கள் என்றுதான் சொல்வேன். கேட்பவர்கள், "எப்புடி வந்தா என்னா, பொழச்சுட்டாருல்ல, விடு" என்பார்கள். எதற்கு விடவேண்டும்? ஊசியில் ஏற்றி உடம்புக்குள் அனுப்பியவர்கள் அவ்வளவு சுலபமாக விட்டார்களா? என் வாயை அடைக்க நினைத்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வாய் இன்னும் இருக்கிறது.

அது சண்டைக் காலம். ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டது. இங்கே நெல்லுக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. ஒரு தாலுகாவிலிருந்து அடுத்த தாலுகாவுக்கு நெல் போக வேண்டுமானால் பெர்மிட் வேண்டும். எங்கள் வயல் கீழப்பழுவூருக்குப் பக்கத்தில். நாத்தனாரைக் கட்டிக்கொடுத்திருந்தது பெரம்பலூர்ப் பக்கம். அவள் மகளுக்குக் கல்யாணம் வந்தது. தாய்மாமன் வெறுங்கையோடு போய் நிற்க முடியுமா? சொந்த வயலில் விளைந்த நெல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு இவர் கிளம்பினார். "பெர்மிட் வாங்கிட்டுப் போங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன். "எந்நெல்லு, எந்தங்கச்சி வூடு, நடுவுல எவன்?" என்றார். நடுவில் போலீஸ்காரன் இருந்தான். நெல்லையும் பிடித்தான், ஆளையும் பிடித்தான்.

இப்படிப் பிடிபட்டவர்கள் அந்த வருஷம் ஏராளம். இருக்கிற ஜெயிலில் இடம் போதாமல், பெரம்பலூருக்கு வெளியே சும்மா கிடந்த ஒரு கடலைக் கிடங்கைப் பூட்டுப் போட்டு ஜெயிலாக்கினார்கள். தகரக் கூரை. நடுவில் குறுக்குச் சுவர் ஒன்று. இந்தப் பக்கம் கொஞ்சம் பேர், அந்தப் பக்கம் கொஞ்சம் பேர். வாசலில் ஒரு பெரிய வேப்பமரம். வீட்டுச் சோறு கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று அனுமதி இருந்தது. அதனால் நான் நாத்தனார் வீட்டிலேயே தங்கி, தினமும் தூக்குச்சட்டியோடு அங்கே போய் நிற்பேன்.

வாசலில் ஒரு வார்டர் இருந்தார். உள்ளே போகிற எல்லாச் சோற்றையும் முதலில் அவர் ருசி பார்க்க வேண்டும். கள்ளச் சாமான் எதுவும் உள்ளே போகக்கூடாதாம், அதற்காகச் சோதனை. ஆனால் கருவாட்டுக் குழம்பு கொண்டுபோன நாளில் சோதனை வெகுநேரம் நடக்கும். "உப்பு ஒரு கல்லு கொறச்சல்மா" என்று குறை வேறு சொல்வார். நானும், "நாளைக்கு உங்களுக்குன்னு தனியா ஆக்கிட்டு வரேண்ணே" என்பேன். அவருக்கு என் குத்தல் புரியவே புரியாது.

ஒருநாள் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்ற வீட்டுக்காரர் சோற்றைத் தொடவில்லை. முகம் வெளிறியிருந்தது. முழங்கை மடிப்பில் ஊசி குத்திய தடம்.

"என்னாங்க இது?"

"மிலிட்டரி டாக்டரு ஒருத்தரு வந்திருக்காரு புள்ள. முறைக்காய்ச்சலுக்குப் புது மருந்து பாக்கணுமாம். கைய நீட்டினா தண்டனை கொறையும்னாரு. நீட்டிட்டோம்."

"காய்ச்சலே இல்லாத ஆளுக்கு என்னா மருந்து?"

அவர் கீழே பார்த்தார். "மொதல்ல காய்ச்சல ஏத்துறாங்க. காய்ச்சக்காரன் ரத்தத்த எடுத்து எங்களுக்குப் போட்டாங்க. கொசு கடிக்க வேணாமாம், நேரா இப்புடி."

மாட்டுக்குக்கூட இப்படிச் செய்யமாட்டார்களே என்று கத்தினேன். வார்டர் என்னைப் பிடித்து வெளியே தள்ளினார்.

அடுத்த வாரம் இவருக்குக் குளிர் கண்டது. பல் கிட்டிப் போகிற நடுக்கம், பிறகு நெருப்பாகச் சூடு, பிறகு வேர்த்துக் கொட்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் சொல்லி வைத்ததுபோல் வரும். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு மாத்திரை கொடுத்தார்கள். இந்தப் பக்கம் யாருக்கும் ஒன்றும் கிடையாது. இவரும் இந்தப் பக்கம்தான். இவருக்குப் பக்கத்தில் பாடாலூர்க்காரர் ஒருவர், வண்டிக்காரர், இதே நெல்லுக்கேஸில் வந்தவர், படுத்திருந்தார். ஆள் வாட்டசாட்டமாக இருப்பார். காய்ச்சல் அவர் தலைக்கு ஏறி, மாடுகளைப் பெயர் சொல்லி அதட்டிக்கொண்டே இருந்து, நினைவு தப்பிச் செத்துப்போனார். கிடங்குக்குப் பின்னாலேயே புதைத்துவிட்டார்கள்.

டாக்டரோடு வந்த கம்பவுண்டர் உள்ளூர் ஆள், பயந்த சுபாவம். அவரை வேப்பமரத்தடியில் மடக்கிக் கேட்டேன்.

"இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு எப்பங்க மருந்து?"

"இவங்களுக்குக் கெடையாதும்மா. மருந்து இல்லாட்டி என்னா ஆவுதுன்னு பாக்கறதுக்குத்தான் இவங்க."

"என்னா ஆவும்? சாவான்! அதான் ஒருத்தர் செத்துக் காட்டிட்டாரே, இன்னும் என்னா பாக்கணும்?"

அவர் காதைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். நான் டாக்டருக்காகக் காத்திருந்தேன். மெட்ராஸ்காரர், காக்கி உடுப்பு, என் தம்பி வயசுதான் இருக்கும். கோபக்காரர் என்றுகூடச் சொல்லமுடியாது. நின்று, பொறுமையாகப் பதில் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"பாரும்மா, பர்மா எல்லையிலே நம்ம சிப்பாய்களெல்லாம் காய்ச்சல்லே விழுறாங்க. காய்ச்சலுக்குக் குடுக்கிற கொயினா வந்துகிட்டிருந்த ஊரை ஜப்பான்காரன் பிடிச்சுட்டான். புது மருந்து வேலை செய்யுதான்னு பாக்கணும். மருந்து சாப்பிட்டவனையும் சாப்பிடாதவனையும் பக்கத்துலே பக்கத்துலே வச்சுப் பாத்தாத்தானே தெரியும்?"

"பாக்கணும்னா நீங்க கைய நீட்டுங்க. நானே ஊசி போட்டு விடுறேன்."

"இவங்க சம்மதிச்சுத்தான் நீட்டினாங்க."

"தண்டனை கொறையும்னு சொன்னீங்க. காய்ச்சல் வரும்னு சொன்னீங்க. வந்தா மருந்து தரமாட்டோம்னு சொன்னீங்களா?"

அவர் விறுவிறுவென்று உள்ளே போனார். சொல்லவில்லை என்பது அந்த நடையிலேயே தெரிந்தது.

முன்பெல்லாம் போஸ்டாபீசிலேயே கொயினா பொட்டலம் விற்பார்கள். போய்க் கேட்டேன். சண்டைக்குப் போய்விட்டது, இல்லை என்றார்கள். ஆஸ்பத்திரியிலும் இல்லை. நாத்தனார்தான் சொன்னாள், லப்பைக்குடிக்காட்டில் ஒரு துணிக்கடை பாய் இருக்கிறார், ரங்கூனில் கடை வைத்திருந்தவர், குண்டு விழுந்தபோது காட்டு வழியாக நடந்தே வந்தவர், அவரிடம் இருக்கலாம் என்று. பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடிய பஸ் பாதி வழியில் மூச்சை விட்டது. மீதியை நடந்தேன்.

பாய் முழுக்கக் கேட்டார். எழுந்து உள்ளே போய் ஒரு பெரிய புட்டியைக் கொண்டுவந்து வைத்தார். "இந்த மாத்திரைதான் தங்கச்சி என்னைய ஊரு கொண்டாந்து சேத்துச்சு. எங்கூட நடந்து வந்தவங்கள்ல எத்தனையோ பேரு வழியிலேயே மௌத்தாப் போயிட்டாங்க. எடுத்துட்டுப் போ. உன் மாப்பிள்ளைக்கு ஹயாத்து, ஆயுசு கெட்டியா இருக்கட்டும்." பிறகு தயங்கினார். "இத வச்சிருந்தேன்னு தெரிஞ்சா என்னையும் புடிப்பாங்க."

"நாக்க அறுத்தாலும் சொல்லமாட்டேன் பாய்."

மாத்திரை கிடைத்துவிட்டது. உள்ளே போவது எப்படி? கொஞ்சத்தைப் பொடித்துக் குழம்பில் கலந்து கொண்டுபோனேன். வார்டர் ஒரு வாய் வைத்ததும் "த்தூ!" என்று துப்பினார்.

"என்னாம்மா இது, வெஷத்தக் கரைச்சியா?"

"வெந்தயம் கருகிப்போச்சுண்ணே."

"கருகினா இப்புடியா கசக்கும்? இன்னொரு தடவ இப்புடி எடுத்தாந்தேன்னா வூட்டுச் சோறே கெடையாது." சட்டியோடு சாக்கடையில் ஊற்றினார். பாய் காடு மலை தாண்டிக் கொண்டுவந்த மருந்தில் ஒரு பங்கு சாக்கடையில் போயிற்று. அன்றைக்கு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். என்ன சோற்றில் போட்டாலும் அந்தக் கசப்பு காட்டிக்கொடுத்துவிடும். கசந்தால் கேள்வி கேட்காத சாப்பாடு எது இருக்கிறது? மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தேன். தலைக்குமேல் வேப்பங்கொழுந்து.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். எனக்குப் பிறந்த ஊர் வரதராஜன்பேட்டை, அப்பா கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஆனால் அம்மை போட்டால் எங்கள் தெருவிலும் வாசலில் வேப்பிலை தொங்கும். சாமியார் வருகிறார் என்று தெரிந்தால் எடுத்து உள்ளே வைப்போம், அவர் போனதும் மறுபடி செருகுவோம். வேப்பிலை தொங்கும் வீட்டுக்குள் செருப்போடு யாரும் போகமாட்டார்கள். மருந்து, ஊசி என்ற பேச்சே கூடாது. அம்மை கண்டவரைத் திட்டக்கூடாது, அதட்டக்கூடாது. அம்மை இறங்கித் தலைக்கு மூன்று தண்ணி ஊற்றும் வரைக்கும் கூழும் இளநீரும், வேப்பங்கொழுந்தும் மஞ்சளும் அரைத்து உருட்டிய உருண்டையும்தான். அந்த உருண்டையை வேறு யாரும் வாயில் வைக்கமாட்டார்கள்.

மறுநாள் வீட்டுக்காரர் கம்பியருகில் வந்தபோது சட்டையில்லாமல் இருந்தார். தகரக் கூரைச் சூட்டில் மார்பு முழுக்க வேர்க்குரு. நான் தூக்குச்சட்டியைக் கீழே போட்டுவிட்டு, "ஐயையோ, அம்மை போட்டிருக்கே! ஆத்தா வந்துட்டாளே!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

வீட்டுக்காரர் திருதிருவென்று விழித்தார். கண்ணைக் காட்டினேன். மனுஷர் கெட்டிக்காரர், பிடித்துக்கொண்டார். "தாயே, மாரியாத்தா, எரியுதே!" என்று அப்படியே சரிந்து உட்கார்ந்தார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற மனுஷர்! எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வார்டர் வெலவெலத்துப் போனார். "நீ வேதக்காரிதானே, உனக்கு என்னாம்மா ஆத்தா?" என்றார்.

"அம்மை என்னா வேதம் கேட்டுட்டா போடுது? உள்ள போயி வேணா தொட்டுப் பாருங்க."

அவர் தொடவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். அவரே மரத்தில் கொத்து ஒடித்து, இந்தப் பக்கத்து வாசலில் செருகினார்.

டாக்டர் வந்தார். இவர் மார்பை ஒரே பார்வை பார்த்தார். "இது வேர்க்குரு! வெறும் வேர்க்குரு!" என்று கத்தினார். உண்மையைத்தான் சொன்னார், பாவம். யார் நம்பினார்கள்? வேப்பிலையைப் பிடுங்கி எறிந்தார். உடனே கம்பவுண்டர் ஊசித் தட்டைத் தரையில் வைத்துவிட்டார். "என்னைய வேலைய வுட்டு நிறுத்துங்க சார், பரவால்ல. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு." சமையல்காரர், ஆத்தாளை அவமதித்த இடத்தில் அடுப்புப் பற்றவைக்க மாட்டேன் என்று கரண்டியைப் போட்டார். பூட்டைத் திறக்க வார்டர் மறுத்தார். டாக்டர் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், "மருந்து இல்லாத பக்கம்தானே, கிடக்கட்டும். உங்க மூணு தண்ணி முடியட்டும், அப்புறம் ரத்தம் எடுக்கிறேன்" என்று போய்விட்டார். அவர் பிடுங்கி எறிந்த வேப்பிலையை நான் பொறுக்கி மறுபடி செருகினேன்.

அன்றிலிருந்து நாத்தனாரும் நானும் கொழுந்தும் மஞ்சளும் அரைத்தோம். ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் கொயினா வைத்து உருட்டினோம். ஒருவருக்கு அம்மை கண்டால் கூட இருப்பவர்களுக்கும் பத்தியம் என்று சொல்லி, இந்தப் பக்கத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் கொண்டுபோனேன். கருவாட்டுக் குழம்பைச் சட்டியோடு சோதித்த வார்டர், உருண்டையைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார். உள்ளே, "முழுங்குங்க, கடிக்காதீங்க" என்று வீட்டுக்காரர் எல்லாருக்கும் ஊட்டிவிட்டார். நடுக்கம் முதலில் தள்ளிப்போனது, பிறகு நின்றுபோனது. மூன்றாம் தண்ணி ஊற்றிய அன்றைக்கு, "பழைய சோறும் வெங்காயமும் எடுத்துட்டு வா புள்ள" என்றார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். எவர் ரத்தத்திலும் காய்ச்சல் இல்லை. இந்தப் பக்கத்து ஆட்கள் மருந்தே இல்லாமல் தேறியதைத் தான் கண்டுபிடித்துவிட்டதாக நம்பி, சந்தோஷத்தில் வார்டருக்குச் சிகரெட் கொடுத்தாராம். தண்டனை குறைந்தது, வருகிற வெள்ளிக்கிழமை இவர் விடுதலை என்று சொல்லிவிட்டார்கள். நாத்தனார் கோழி அடிக்கிறேன் என்றாள். நான் வாயைத் திறக்காமல் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

அதற்குள் பாடாலூரிலிருந்து அந்த வண்டிக்காரர் மனைவி வந்து சேர்ந்தாள். புருஷன் போன செய்தியே அவளுக்கு அப்போதுதான் எட்டியிருந்தது. அவர் துண்டையும் வேட்டியையும் மடித்து அவள் கையில் கொடுத்தார்கள். "எப்புடிங்க செத்தாரு? நல்லாத்தானே போனாரு?" என்று டாக்டரைக் கேட்டாள். நான் பக்கத்தில்தான் தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். கம்பிக்குள்ளே என் வீட்டுக்காரர்.

டாக்டர் மரியாதையாகத்தான் பேசினார். "அவர் உடம்பு உள்ளுக்குள்ளே நோஞ்சானா இருந்திருக்கும்மா. இதே கொட்டகையிலே மத்தவங்க எல்லாம் மருந்தே இல்லாம எழுந்து உக்காந்துட்டாங்க. இந்த ஜில்லா ஆளுங்களுக்கு மருந்தே தேவைப்படாதுன்னு நான் மேலே எழுதப்போறேன்."

"நோஞ்சானா?" என்றாள் அவள். "வண்டி அச்சு முறிஞ்சா ஒத்த ஆளா தோளு குடுத்துத் தூக்குவாருங்க. அவரா நோஞ்சான்?" துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு, "நான் சரியா கஞ்சி ஊத்தலியோ, என்னமோ" என்று விசும்பத் தொடங்கினாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாயைத் திறந்தால் வெள்ளிக்கிழமை போய்விடும். திறக்காவிட்டால் இவள் ஆயுசுக்கும் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு கிடப்பாள். இன்னொரு ஊரில் இன்னொரு கிடங்கில், இவர்களுக்கு மருந்து வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். வீட்டுக்காரரைப் பார்த்தேன். என் மூஞ்சியைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். அந்தப் பெண்ணின் விசும்பல் நிற்கவில்லை. கண்ணைத் திறந்தார்.

"சொல்லிடு புள்ள."

"மருந்து இல்லாம ஒருத்தரும் பொழைக்கல" என்றேன். "நான் குடுத்தேன். அந்த உருண்டைக்குள்ள கொயினா வச்சு, உங்க மூக்குக்கு முன்னாடியே எடுத்துட்டுப் போனேன். அக்கா, உன் புருஷனுக்கு ஒரு கொறையும் இல்ல. அவரு செத்தப்போ எங்கிட்ட மாத்திரை இல்ல. இந்த டாக்டருகிட்ட இருந்துச்சு, இவரு குடுக்கல."

டாக்டர் முகம் செத்துவிட்டது. "என் வேலை பூராவையும் கெடுத்துட்டியே!"

"கெடுத்தேன்."

"மாத்திரை எங்கே வாங்கினே?"

"வேப்பமரத்துல காய்ச்சுது."

"உன்னையும் உள்ளே தள்ளிடுவேன். தெரியுமா?"

"தள்ளுங்க. என்னான்னு கேசு எழுதுவீங்க? காய்ச்சக்காரனுக்கு இவ மருந்து குடுத்தா, அதனால அவன் சாவாமப் போயிட்டான், அப்புடின்னா? தாராளமா எழுதுங்க. அதுக்கு மேல, காய்ச்சலக் குடுத்தது யாருன்னும் சேத்து எழுதுங்க. கோர்ட்டுல நானே வாசிக்கிறேன். எனக்குப் படிக்கத் தெரியும்."

அவர் வார்டரைப் பார்த்தார். வார்டர் வேப்பமரத்தைப் பார்த்தார். பாடாலூர்க்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். டாக்டருக்கு எதிரே வந்து நின்றாள்.

"எங்க பொதச்சீங்க? வந்து காட்டுங்க."

"வார்டர் காட்டுவார்."

"நீங்க காட்டுங்க."

அவர் போனார். வேறு வழியில்லை, நாங்கள் இரண்டு பேரும் நகரவில்லை. கிடங்குக்குப் பின்னால், கருவேல முள்ளுக்கு நடுவில், மண் தாழ்ந்து கிடந்த இடத்தை அவர் கையை நீட்டிக் காட்டினார்.

கேஸ் எழுதவில்லை. கொஞ்ச நாளில் டாக்டர் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். ஆனால் வெள்ளிக்கிழமை இவரை விடவில்லை. குறைத்த தண்டனையைத் திரும்பப் போட்டார்கள். மழை பிடித்து, கடலை பிடுங்கி முடியும் வரைக்கும் நான் தூக்குச்சட்டி தூக்கினேன். நாத்தனார் என்னோடு பேசவில்லை. "உன் வாயால கெட்டான் எங்கண்ணன்" என்று ஊர் பூரா சொன்னாள். எனக்கும் உள்ளுக்குள் உதைப்புத்தான். அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வெளியே வந்த அன்றைக்கு, நாத்தனார் வீட்டில் கிடந்த எங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டேன். "எம்மேல கோவமா?"

அவர் மாட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார். எங்கள் ஊருக்குப் போகிற அரியலூர் சாலைப் பக்கம் அல்ல, பாடாலூர்ப் பக்கம்.

"வெள்ளிக்கெழமையே வந்திருந்தா," என்றார், "இந்தப் பக்கம் எந்த மூஞ்சிய வச்சுகிட்டு வண்டி ஓட்டுவேன்?"

சுற்று வழிதான். மத்தியானம் அந்த வண்டிக்காரர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினோம். அவள் வெளியே வந்து பார்த்தாள், உள்ளே போய் உலையில் இன்னும் இரண்டு கை அரிசி போட்டாள். என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்.